மைக் முன்னாடி நாக்கு ஒட்டிக்குதா? வாரியார் சுவாமிகள் கதையைக் கேளுங்க

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.



நம்ம ராசிங்காபுரம், சிலமலை, போடி பக்கத்துப் பிள்ளைங்ககிட்ட ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. பழனி பாதயாத்திரையில அரோகரா போடச் சொன்னா மலை எதிரொலிக்கும். அதே தம்பி கையில மைக்கைக் கொடுத்து, முருகனைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுப்பான்னு சொன்னா, பக்கத்துல நிக்கிறவன் முதுகுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவான். காலேஜ் செமினார் அதைவிட மோசம். ராத்திரி பூரா கண்ணு முழிச்சு மனப்பாடம் பண்ணின பிபிடி, எதிர்ல நாற்பது முகத்தைப் பார்த்ததும் ஆவியாப் போயிடும். வேலைக்கான இன்டர்வியூவில, தன் பேரையும் ஊரையும் சொல்றதுக்குள்ள தொண்டை வறண்டு, விஷயம் தெரிஞ்சும் வாய்ப்பு கைநழுவிப் போன பிள்ளைங்க நம்ம ஊர்லயே எத்தனை பேர்!

இதுக்கு விலை உயர்ந்த கோர்ஸ் எல்லாம் இருக்கு. இருக்கட்டும். அதுக்கு முன்னாடி, பள்ளிக்கூடமே போகாம ஏறக்குறைய 70 வருஷம் மேடையில பேசி, கேட்டவங்களை எல்லாம் கட்டிப் போட்ட ஒரு முருகனடியார் வாழ்க்கையை ஒரு தடவை பார்த்துடலாம். திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள். வீட்டுல தாத்தா பாட்டிகிட்ட இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, முகம் மலரும்.

ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடணும். பேச்சுக்கும் நம்ம அப்பனுக்கும் உள்ள உறவு இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. சுவாமிமலையில அப்பாவை மாணவனா உட்கார வச்சு, பிள்ளை குருவா நின்னு பிரணவத்துக்குப் பொருள் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டத்துல பிறந்த குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசாத குழந்தை. பெத்தவங்க திருச்செந்தூர் சந்நிதியில கொண்டுபோய் விட்டாங்க. வாய் திறந்தது, கந்தர் கலிவெண்பா பிறந்தது. அதே குமரகுருபரர் பின்னாடி காசிக்குப் போய், அந்த ஊர் மொழியையும் கத்துக்கிட்டு, அங்க மடமே நிறுவினார். வாய் வராத பிள்ளைக்கு வாய் கொடுக்கிறவன் முருகன்னு நம்ம பெரியவங்க நம்பினதுக்கு இப்படி ஒரு வரிசையே இருக்கு. வாரியார் சுவாமிகள் அந்த வரிசையில நமக்கு ரொம்பப் பக்கத்துக் காலத்துல வந்தவர்.

சுவாமிகள் அவதரிச்சது 1906 ஆகஸ்ட் 25. ஊர் காங்கேயநல்லூர், வேலூர் பக்கத்துல, காட்பாடியை ஒட்டி. அப்பா பேரு மல்லையதாசர், அம்மா கனகவல்லி அம்மையார். வீட்டுல நிறைய பிள்ளைங்க. வீரசைவ மரபுக் குடும்பம். அஞ்சு வயசுல திருவண்ணாமலை மடத்துல சிவலிங்க தாரணம் ஆச்சு.

அப்பா மல்லையதாசர் ஒரு பாகவதர். கோயில் கோயிலாப் போய்ப் புராணக் கதை சொல்றவர், பாடுறவர். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை. எழுத்து, இலக்கணம், பாட்டு எல்லாமே வீட்டுலதான், அப்பாதான் வாத்தியார். இன்னைக்கு நமக்கு இது வினோதமா இருக்கும். ஆனா அந்த வீட்டுப் படிப்பு எப்படி இருந்துச்சுன்னா, 12 வயசுக்குள்ள பத்தாயிரம் பாட்டு நெஞ்சுல ஏறிடுச்சுன்னு சுவாமிகள் வரலாறு சொல்லுது. தேவாரம், திருவாசகம், திருப்புகழ்னு போய்க்கிட்டே இருக்கும் பட்டியல்.

பத்தாயிரம்னதும் மலைப்பா இருக்கு இல்லையா? கணக்குப் போட்டுப் பாருங்க. அஞ்சு வயசுல ஆரம்பிச்சு 12 வயசு வரைக்கும் ஏழு வருஷம், சுமாரா 2500 நாள். ஒரு நாளைக்கு நாலு பாட்டு. நாலு பாட்டு. நாம ஒரு நாளைக்கு எத்தனை ரீல்ஸ் பார்க்கிறோம்னு நான் கேட்க மாட்டேன், நீங்களே எண்ணிக்கோங்க.

இந்த மனப்பாடத்தை லேசா எடுத்துக்காதீங்க. மனப்பாடம்னா இன்னைக்குக் கெட்ட பேரு. புரியாம உருப்போடறதுன்னு நினைக்கிறோம். செமினாருக்கு நாம உருப்போடறது உண்மையிலேயே அப்படித்தான். ஒரே ஒரு வரிசை, முதல் வரி மறந்தா மொத்தமும் போச்சு. சுவாமிகள்கிட்ட இருந்தது வேற மாதிரி. ஆயிரம் பாட்டு உள்ள கிடக்கு, எந்த இடத்துல எது வேணுமோ அது எழுந்து வரும். ஒண்ணு மறந்தா பக்கத்துல இன்னொண்ணு நிக்கும். மேடையில ஒருத்தருக்குப் பயம் வர்றதே, சொல்ல ஒண்ணும் இல்லாமப் போயிடுமோங்கிற நினைப்புலதான். களஞ்சியம் நிறைஞ்ச வீட்டுக்காரனுக்கு விருந்தாளி வந்தா பயம் ஏது?

அதுலயும் திருப்புகழ். வாய்விட்டுப் படிச்சிருந்தா உங்களுக்கே தெரியும். சந்தம் ஓடுற ஓட்டத்துல நாக்கு ஒரு இடத்துல சோம்பினாலும் தாளம் தவறிடும். லகரம், ளகரம், ழகரம், ரகரம், றகரம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துக்கிட்டு வரும். கிரேக்க நாட்டுல டெமாஸ்தனீஸ்னு ஒரு பேச்சாளர், திக்குவாய் சரியாக வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசிப் பழகினார்னு கதை சொல்வாங்க. நமக்குக் கல்லு வேண்டாம், அருணகிரிநாதர் போதும். சுவாமிகள் பேச்சை இப்ப கேட்டாலும், எத்தனை வேகமாப் பாடினாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா விழும். சின்ன வயசுல வாய்விட்டுப் பாடின பழக்கம் அது.

18 வயசுல மேடை ஏறிட்டார். அதாவது 1924 வாக்குல. உங்கள்ல பாதிப் பேர் காலேஜ் முதல் வருஷம் படிக்கிற வயசு.

அந்தக் காலத்து மேடையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கோயில்ல சமயத்தைப் பத்திப் பிரசங்கம் பண்றது ரொம்பப் பழைய வழக்கம்னு நாம நினைக்கிறோம். பாட்டோட கதை சொல்றது பழசு, சரிதான். ஆனா ஒரு பொருளை எடுத்து, ஊர் ஜனத்துக்கு முன்னால நின்னு, உரைநடையில விளக்கிப் பேசுற பிரசங்கத்தைத் தமிழ்ச் சைவத்துக்குள்ள கொண்டு வந்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1847 டிசம்பர் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணை சிவன் கோயில்ல அவர் பிரசங்கத்தை ஆரம்பிச்சார். பாதிரிமார் பிரசங்கம் பண்ற முறையைக் கூடவே இருந்து பார்த்தவர், அதே முறையை நம்ம கோயிலுக்குள்ள கொண்டு வந்தார். சுவாமிகள் மேடை ஏறினப்ப இந்த ரெண்டு வழியும் முன்னாடி இருந்துச்சு: அப்பாவோட பாகவதர் வழி, நாவலர் வழி. சுவாமிகள் ரெண்டையும் கலந்துட்டார்னு நான் நினைக்கிறேன். வாய் நிறையப் பாட்டும் இருக்கும், வார்த்தை வார்த்தையாப் பிரிச்சுச் சொல்ற பாடமும் இருக்கும், நடுவுல வயிறு குலுங்கச் சிரிப்பும் இருக்கும்.

19 வயசுல கல்யாணம், அமிர்தலட்சுமி அம்மையார். அப்புறம் ஒரு காரியம் பண்ணினார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். மேடையில பேர் வர ஆரம்பிச்ச பிறகு, 23 வயசுல, சென்னை யானைகவுனி தென்மடத்துல வரதாசாரியார்கிட்ட மாணவனாப் போய் உட்கார்ந்து வீணை கத்துக்கிட்டார். நாலு வருஷம். கூட்டம் கைதட்டுற ஒரு இளைஞன், நமக்குத்தான் பேச வந்துடுச்சேன்னு விட்டுடலை. சுருதியை விட்டு விலகாம இருக்கிறது, எந்த இடத்துல ஏறணும், எங்க இறங்கணும், எங்க நிறுத்தி மூச்சு விடணும்ங்கிறது எல்லாம் வீணையில விரல் தேயத்தேயத்தான் வரும். நாம மேடையில பண்ற பெரிய தப்பு என்ன? பயத்துல ஒரே சுருதியில, ஒரே வேகத்துல, நிறுத்தாம ஓடி முடிச்சுட்டு இறங்கிடுறது. சுவாமிகள் ஒலிப்பதிவு ஒண்ணு போட்டுக் கேளுங்க. ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு சட்டுனு நிறுத்துவார். கூட்டம் காதைத் தீட்டிக்கிட்டு முன்னால சாயும். அப்புறம்தான் அடுத்த வார்த்தை வரும். பின்னாளில் இசைப்பேரறிஞர் பட்டமும் அவருக்குக் கிடைச்சது.

1936-ல் 'திருப்புகழ் அமிர்தம்'னு பத்திரிகை ஆரம்பிச்சார். 37 வருஷம் நடத்தினார். இதழுக்கு ஒரு திருப்புகழ்ப் பாட்டு, அதுக்கு விளக்கம், கூடவே மத்த கட்டுரைங்க. பேசுறவருக்கு எழுத்து எதுக்குன்னு கேட்கலாம். எழுதிப் பார்த்தாத்தான் எது தேவை, எது வளவளன்னு தெரியும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைச் சுலபமாச் சொல்லலாம். மலையில பறிச்ச ஏலக்காயை அப்படியே மூட்டை கட்டி போடி ஏலத்துக்கு யாரும் அனுப்புறது இல்லை. ஸ்டோர்ல காய வைக்கணும், காம்பு போக உரசணும், சலிச்சு ரகம் பிரிக்கணும். ஏறக்குறைய அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ஞ்சா ஒரு கிலோதான் தேறும். மேடைக்கு வர்ற பேச்சும் அப்படித்தான். சுவாமிகள் எழுதினது சுமார் 150 நூல்கள்னு சொல்றாங்க. மகாபாரதம், கந்தவேள் கருணை, சிவனருட்செல்வர், இராமகாவியம்னு பெரியவங்களுக்கு. தாத்தா சொன்ன குட்டிக்கதைகள்னு பிள்ளைங்களுக்கு.

பிள்ளைங்கன்னு சொன்னேன் இல்லையா, இனிமேதான் விஷயமே இருக்கு.

சுவாமிகள் பேசுற இடத்துல முன் வரிசை யாருக்கு? ஊர்ப் பெரியவங்களுக்கா, தர்மகர்த்தாவுக்கா? இல்லை. முன்னால தரையில குழந்தைங்க உட்கார்ந்திருக்கும். கம்பராமாயணம் போய்க்கிட்டு இருக்கும், நாயன்மார் வரலாறு போய்க்கிட்டு இருக்கும், பெரிய பெரிய புலவருங்க கேட்டுக்கிட்டு இருப்பாங்க. நடுவுல நிறுத்தி, முன்னால இருக்கிற பொடிசுங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார். இப்பத்தான் சொன்னேனே, அவர் பேர் என்ன? இது யாரு மகன்? சரியாச் சொன்ன குழந்தைக்குக் கையில ஒரு சின்னப் புத்தகம், கந்தர் சஷ்டி கவசம். அந்தப் புத்தகத்தை வாங்கின குழந்தைங்க எத்தனை பேர் இன்னைக்குத் தாத்தா பாட்டியா இருக்காங்க தெரியுமா! சில வீட்டுப் பூஜை அறையில அது இன்னும் இருக்கும்.

இந்த ஒரு பழக்கத்துக்குள்ள எத்தனை வேலை நடக்குதுன்னு பாருங்க. குழந்தைக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னு நினைச்சுட்டாலே, வாயில கடினமான வார்த்தை வராது. குழந்தை பதில் சொன்னா, போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சொல்லலைன்னா, திரும்ப ஒரு தடவை வேற மாதிரி சொல்லணும்னு அர்த்தம். பின்னால இருக்கிற பெரியவங்க, தன் பக்கம் கேள்வி வந்துடுமோன்னு தூங்காம இருப்பாங்க. தொண்டைக்கும் ஒரு நிமிஷம் ஓய்வு. எல்லாத்துக்கும் மேல, பேசுறவர் தன்னைப் பத்தி நினைக்கவே நேரம் இருக்காது. என் சட்டை சரியா இருக்கா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்களா, குரல் நடுங்குதான்னு நாம கவலைப்படறோமே, அந்தக் கவலைக்கெல்லாம் இடமே இல்லை. கண்ணு பூரா எதிர்ல இருக்கிற குழந்தை முகத்துல. மேடை பயத்துக்கு மருந்துன்னு நான் பார்த்த வரைக்கும் இதுக்கு மேல ஒண்ணு இல்லை. முருகன் குழந்தையா நிக்கிற சாமி, அவன் அடியார் குழந்தைங்களைப் பார்த்துப் பேசினதுல ஆச்சரியமும் இல்லை.

அந்தச் சிவாஜி கதை உங்களுக்கு வாட்ஸ்அப்ல கட்டாயம் வந்திருக்கும். வராதவங்களுக்காகச் சொல்றேன். 1965-ல் திருவிளையாடல் படம் வந்தது. சிவபெருமானா நடிச்சது சிவாஜி கணேசன். படம் ஊரெல்லாம் ஓடுன காலம். ஒரு கூட்டத்துல சுவாமிகள் குழந்தைங்களைப் பார்த்து, முருகனோட அப்பா பேர் என்னன்னு கேட்டார். ஒரு குழந்தை டக்குனு எழுந்து சிவாஜின்னு சொல்லிடுச்சு. கூட்டம் கொல்லுனு சிரிச்சது. குழந்தை முகம் எப்படிச் சுருங்கியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. சுவாமிகள் கூட்டத்தை அடக்கினார். குழந்தை சொன்னது சரிதான்னு சொன்னார். காந்தியை மரியாதையா காந்திஜின்னு சொல்றோம், நேருவை நேருஜின்னு சொல்றோம், அதே மாதிரி இந்தக் குழந்தை சிவனை மரியாதையா சிவாஜின்னு சொல்லுதுன்னு விளக்கம் கொடுத்தார்.

இதை ஒரு ஜோக்கா மட்டும் எடுத்துக்கிட்டு ஃபார்வேர்டு பண்ணிடுறோம். எனக்கு அதுல வேற ஒண்ணு தெரியுது. அத்தனை பேர் முன்னால, வாழ்க்கையிலயே முதல் தடவையா வாய் திறந்து பேசின ஒரு குழந்தை அது. அந்தச் சிரிப்போட விட்டிருந்தா, அது அப்புறம் எந்தக் கூட்டத்துலயும் எழுந்து நின்னிருக்குமா? நம்மள்ல பல பேருக்கு மேடை பயம் எங்க ஆரம்பிச்சதுன்னு தோண்டிப் பார்த்தா, ஒண்ணாம் கிளாஸ்லயோ ரெண்டாம் கிளாஸ்லயோ ஒரு தப்பான பதில், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் இருக்கும். ஒரு நொடியில, அந்தக் குழந்தையும் ஜெயிச்சது, கூட்டமும் சந்தோஷமாச் சிரிச்சது, சிவன் பேரும் நிலைச்சது. சொல்லுல விளையாடற திறமை பல பேருக்கு இருக்கு. அதை யாருக்காக விளையாடுறோம்ங்கிறதுலதான் சுவாமிகள் தனிச்சு நிக்கிறார்.

பெரியவங்களை மட்டும் லேசாக் குத்துவார், அதுவும் சிரிக்கச் சிரிக்க. ஒரு தடவை ராமாயணம் சொல்லிக்கிட்டு இருக்கார். சிலர் நடுவுலயே எழுந்து கிளம்பினாங்க. பேசுறவருக்கு இதைவிடச் சங்கடம் உண்டா? நாமளா இருந்தா பாதி தைரியம் போயிடும், மீதிப் பேரும் கிளம்பிடுவாங்களோன்னு வேகமா முடிக்கப் பார்ப்போம். சுவாமிகள் கதையிலேயே அதைச் சேர்த்துட்டார். அனுமனை ராமர் சொல்லின் செல்வன்னு பாராட்டினார், இந்த ஊர்லயும் நிறைய சொல்லின் செல்வர்கள் இருக்காங்க, நான் சொல்லச் சொல்ல எழுந்து செல்றாங்களேன்னார். இருந்தவங்க சிரிச்சாங்க, எழுந்தவங்க உட்கார்ந்தாங்க. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, பேச்சும் பாதையை விட்டு நகரலை. அனுமன் பேரும் அவன் பட்டமும் எல்லார் மனசுலயும் ஆணி அடிச்ச மாதிரி பதிஞ்சது, அது கூடுதல் லாபம்.

இந்த மாதிரி சொல்லைப் பிரிச்சுப் பார்க்கிறது அவருக்குக் கைவந்த கலை. ஆனா அது அலங்காரத்துக்கு இல்லை. நம்ம முருகன் பேரையே எடுத்துக்கோங்க. முருகுன்னா அழகு, இளமை, மணம், தெய்வத்தன்மைன்னு பெரியவங்க பொருள் சொல்வாங்க. இதை அப்படியே பட்டியலாச் சொன்னா அஞ்சு நிமிஷத்துல மறந்துடும். ராசிங்காபுரத்துல நின்னு பேசுற ஒருத்தர் மணத்தை எடுத்துக்கிட்டு, சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புல இறங்குற நம்ம அம்மா அக்கா சேலையில வர்ற ஏலக்காய் வாசனையிலிருந்து ஆரம்பிச்சா? கேட்கிறவங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க. சுவாமிகள் போன ஊர்ல எல்லாம், அந்த ஊர் ஜனத்துக்குத் தெரிஞ்ச விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தெரியாத விஷயத்துக்குக் கூட்டிட்டுப் போவார். பஸ், ரயில், சினிமா, சமையல் எல்லாம் அவர் பேச்சுக்குள்ள வரும். படிக்காத பாட்டிக்கும் கந்தர் அலங்காரம் புரிஞ்சது அதனாலதான்.

அது எந்தக் காலம்னும் நினைவு வச்சுக்கணும். 1940, 50, 60-கள்ல தமிழ்நாட்டுல மேடைப் பேச்சுதான் எல்லாம். டிவி இல்லை, போன் இல்லை. அடுக்குமொழியில பேசுற பெரிய பெரிய அரசியல் பேச்சாளர்கள் இருந்தாங்க. கடவுள் இல்லைன்னு பேசுற கூட்டத்துக்கும் பெரும் ஜனம் சேர்ந்துச்சு. அந்தப் போட்டிக்கு நடுவுல, அதே தெருவுல, ஒரு பெஞ்சு, ஒரு மைக், நெற்றி நிறைய விபூதி, கழுத்துல ருத்ராட்சம், ராத்திரி நேரம், தலைப்பு பெரியபுராணம். கூட்டம் வந்துச்சு. வாரக்கணக்கா, ஒரே கதையைத் தொடர்ந்து கேட்க, மறுநாளும் வந்துச்சு. அடுக்குமொழிக்குப் பதிலா அவர் வச்சது எளிய தமிழும், பாட்டும், சிரிப்பும். எம்.ஜி.ஆருக்குப் பொன்மனச் செம்மல்னு பேர் வச்சதும் சுவாமிகள்தான். அந்தப் பேர் எப்படி ஒட்டிக்கிச்சுன்னு உங்களுக்கே தெரியும். 1972-ல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த தெய்வம் படத்துல சுவாமிகளைத் திரையிலயே பார்க்கலாம்.

இப்ப வயலூர். திருச்சிப் பக்கத்துல இருக்கிற குமாரவயலூர், அருணகிரிநாதர் வாழ்க்கையில திருவண்ணாமலைக்கு அப்புறம் முக்கியமான ஸ்தலம். சுவாமிகளுக்கு உயிர். அங்க நடந்ததா அடியார்கள் சொல்ற ஒரு சம்பவம். சுவாமிகள் தரிசனத்துக்குப் போனப்ப அர்ச்சகருக்கு அரை ரூபாய் தட்சிணை கொடுத்துட்டு வந்தார். அன்னைக்கு ராத்திரி கோயில்காரர் கனவுல முருகன் வந்து, என் பக்தன்கிட்ட அரை ரூபாய் வாங்கினீர்களே, அது ராஜகோபுரம் கட்டப் போதுமான்னு கேட்டானாம். அந்த அரை ரூபாய் மணியார்டர்ல சுவாமிகளுக்கே திரும்பி வந்துச்சு. ஏன்னு விசாரிச்சார், கனவைச் சொன்னாங்க. அவ்வளவுதான், வயலூர் கோபுரத் திருப்பணியைத் தலையில தூக்கிக்கிட்டார். பணம் எங்கிருந்து? பேச்சுதான். ஊர் ஊராப் போய்ப் பேசினார், வந்த காணிக்கை கோபுரத்துக்குப் போச்சு.

வடலூர் சத்திய ஞான சபையும் அப்படித்தான். வள்ளலார் கட்டின சபை சிதிலமா இருந்ததைப் பார்த்து மனசு தாங்காம, திருப்பணியை எடுத்துச் செஞ்சார். 1950-ல் குடமுழுக்கு நடந்தது. மோகனூர்ல அருணகிரிநாதர் பேர்ல அறச்சாலை. இன்னும் எத்தனையோ கோயில். ஒரு பெரிய பேச்சாளர் தன் பேச்சுல வந்ததை எங்க போட்டார்னு பார்த்தா, கல்லாவும் சுதையாவும் கோபுரமாவும் நிக்குது.

இது மேடைப் பேச்சோட நேரா சம்பந்தப்பட்டது. பேசும்போது குரல் நடுங்குறது எப்ப? நாம நல்லாப் பேசுறோம்னு பேர் வாங்கணும்ங்கிறப்பத்தான். கோபுரத்துக்கு நாலு செங்கல் வேணும்னு நிக்கிறவனுக்கு, கூட்டம் தன்னை என்ன நினைக்கும்ங்கிறது ரெண்டாம் பட்சம். நம்ம ஊர் வாலிபப் பிள்ளைங்க அன்னதானத்துக்கு அரிசி கேட்டு வீடு வீடாப் போறப்ப எவ்வளவு அழகாப் பேசுறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? அதே வாய்தான், அதே தம்பிதான்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்னு தமிழ் ஜனம் இருக்கிற நாடெல்லாம் சுவாமிகள் போனார். எந்த நாட்டுக்குப் போனாலும் வேஷம் மாறலை, பூஜை மாறலை, மொழியும் மாறலை. 80 வயசுக்கு மேலயும் பேச்சு நிக்கலை.

87-ஆவது வயசுல லண்டன் போனார். அங்கிருந்து விமானத்துல ஊர் திரும்பிக்கிட்டு இருக்கும்போது, 1993 நவம்பர் 7, வானத்திலேயே முருகன் திருவடி சேர்ந்தார். காங்கேயநல்லூருக்குக் கொண்டு வந்து, அவர் சின்ன வயசுல இருந்து கும்பிட்ட முருகன் கோயிலுக்கு எதிர்ல சமாதி வச்சாங்க. 2006-ல் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

வேலூர் சி.எம்.சி.க்கு நம்ம பக்கத்துல இருந்து எத்தனையோ பேர் போறாங்க. காட்பாடி ஸ்டேஷன்ல இறங்குவாங்க. காங்கேயநல்லூர் அங்கிருந்து பக்கம்தான், அடுத்த தடவை போனா ஒரு எட்டு போய்க் கும்பிட்டுட்டு வாங்க. போக முடியாதவங்க யூடியூப்ல சுவாமிகள் பேரைப் போட்டா, பழைய கேசட்டுல இருந்து ஏத்தின பேச்சு வரிசையா வரும். கேசட் இரைச்சலுக்கு நடுவுல கூட்டம் சிரிக்கிறதும் கேட்கும். ஒரு பேச்சை மூணு தடவை கேளுங்க. முதல் தடவை கதைக்காக. ரெண்டாவது தடவை எந்த இடத்துல நிறுத்துறார்னு மட்டும். மூணாவது தடவை கூடவே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, வீட்டுல சிரிச்சா சிரிக்கட்டும். வர்ற கிருத்திகைக்கு நம்ம கோயில்ல மைக் இருக்கும், முன்னால குழந்தைங்களும் உட்கார்ந்திருப்பாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!